பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே அறிகுறி

மார்ச் 2, திங்கள்

ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: ‘தொடர்கொலையாளிகளைப் பள்ளிப் பருவத்திலேயே இனங்காண்பது எப்படி?’ பள்ளி மனநல ஆலோசகரிடம் வந்து கைரேகை பார்க்கச் சொல்வது போல இருக்கிறது. மாற்றச் சொன்னேன். “இப்படி வைத்தால்தான் மேடம் கூட்டம் வரும்” என்றார் ஒருங்கிணைப்பாளர். வருகிற கூட்டத்திடம் தலைப்பே தவறு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் அந்தப் பிரபலமான மூன்று அறிகுறிகளைத் தீர்த்துவிட வேண்டும். படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, விலங்குகளை வதைப்பது. இம்மூன்றும் சேர்ந்திருந்தால் குழந்தை பிற்காலத்தில் கொலையாளி ஆகும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இந்தக் கருத்துக்கு மூலம், ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் 1963-ல் எழுதிய கட்டுரை. அவர் ஆராய்ந்தது 100 நோயாளிகளை. அவர்கள் யாரையும் தொடர்ச்சியாகக் கொன்றவர்கள் அல்லர். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதற்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள். அவர்களில் மிகவும் கொடூரமான மனப்போக்கு உடையவர்களிடம் இந்த மூன்றும் தென்பட்டதாக எழுதினார். பிறகு அவரே மேற்கொண்டு ஆராய்ந்தபோது புள்ளிவிவரம் கைகொடுக்கவில்லை. முதல் கட்டுரை உலகம் சுற்றியது. பின்னாளில் வந்த திருத்தத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஐந்து வயதில் ஏறத்தாழ ஏழு குழந்தைகளில் ஒன்று படுக்கையை நனைக்கிறது. பெரும்பாலும் பரம்பரை, சிறுநீர்ப்பை வளர்ச்சி, ஆழ்ந்த தூக்கம். அவ்வளவுதான். இதைக் கொலையோடு முடிச்சுப் போட்டவர்கள் எத்தனை வீடுகளில் எத்தனை குழந்தைகளுக்கு அடி வாங்கிக் கொடுத்தார்களோ.

மார்ச் 4, புதன்

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

ஏழு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு அவன் அப்பா வந்தார். பையன் இன்னும் படுக்கையை நனைக்கிறானாம். போன வாரம் பூனைக்குட்டியின் காலில் நூலைக் கட்டி இழுத்தானாம். கைப்பேசியில் ஒரு வீடியோவை நிறுத்திவைத்திருந்தார். அதில் கைவிலங்கோடு ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். “இவனும் அப்படி ஆகிவிடுவானா, மேடம்?”

பையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

படுக்கை விஷயத்தைக் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். பூனைக்குட்டி வேறு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதை வைத்து எதிர்காலத்தைப் பார்ப்பதைவிட நிகழ்காலத்தைப் பார்ப்பதே என் வழக்கம். விலங்கை வதைக்கும் குழந்தை, பல வீடுகளில், வதை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை. “வீட்டில் யார் யாரை அடிப்பார்கள்?” என்று கேட்டேன். அவர் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், மறுபடி எடுத்தார். பதில் வரவில்லை. அடுத்த வாரம் மனைவியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7, சனி

தொடர்கொலையாளிகளின் மனத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் வாயிலிருந்தே வந்தது. இதுதான் இந்தத் துறையின் பெரிய ஓட்டை. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நடத்தை அறிவியல் பிரிவு 36 பாலியல் கொலையாளிகளைச் சிறைகளில் சந்தித்துப் பேட்டி எடுத்தது. அதிலிருந்துதான் உடைந்த குடும்பம், அன்பில்லாத தாய், இல்லாத தந்தை, தனிமை என்ற சித்திரம் உருவானது. அதே மாதிரிக் குடும்பங்களில் வளர்ந்து யாரையும் கொல்லாத மனிதர்கள் 36 பேரை எதிர்ப்பக்கம் உட்காரவைத்து யாரும் ஒப்பிடவில்லை.

பேசியவர்கள் எப்படிப்பட்டவர்கள்? ஹென்றி லீ லூகாஸ் நூற்றுக்கணக்கான கொலைகளைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டான். காவலர்கள் நம்பினார்கள். அவனுக்கு மரண தண்டனை வாங்கித் தந்த கொலை நடந்த சமயத்தில் அவன் வேறு மாநிலத்தில் இருந்தான் என்பதற்கு ஆதாரங்கள் வந்து, 1998-ல் அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. பல பெண்களைக் கொன்ற டெட் பண்டி 1989 ஜனவரி 24 அன்று மின்சார நாற்காலிக்குப் போனான். அதற்கு முந்தைய நாள் கொடுத்த பேட்டியில் தன் வீடு அருமையானது என்றான். தன்னைக் கெடுத்தது ஆபாசப் படங்கள்தான் என்றான். பேட்டி எடுத்தவர் ஆபாசப் படங்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்துவந்தவர். எதிரில் இருப்பவருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பதில் பண்டி கடைசி நாள் வரை கெட்டிக்காரன் என்றே எனக்குப் படுகிறது.

அதற்காகக் குழந்தைப் பருவக் கொடுமையைத் தள்ளிவிட முடியாது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, காம வெறியால் கொன்ற 50 தொடர்கொலையாளிகளின் வாழ்க்கையைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. உடல்ரீதியான வதை 36 சதவீதம், பாலியல் வதை 26 சதவீதம், உளரீதியான வதை 50 சதவீதம். மூன்றுமே பொதுமக்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வியப்பு என்னவென்றால், பராமரிப்பின்றிக் கைவிடப்படுவது மட்டும் இரு தரப்பிலும் ஒரே அளவில்தான் இருந்தது. வெறும் கவனிப்பின்மையைவிட, குறிவைத்து அவமானப்படுத்துவது வேறு விதமாக வேலை செய்கிறது போலும்.

ஆனால் கொலையாளியிலிருந்து பின்னோக்கி நடந்தால் ஒரு காயம் தட்டுப்படும். காயத்திலிருந்து முன்னோக்கி நடந்தால் லட்சத்தில் ஒருவர்கூடக் கொலையாளியிடம் போய்ச் சேர்வதில்லை. நான் பயிலரங்கில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு உரை.

மார்ச் 8, ஞாயிறு

அமெரிக்கத் தொடர்கொலையாளி ஜெஃப்ரி டாமருக்கு ஒரு தம்பி உண்டு. அதே தாய், அதே தந்தை, அதே சண்டைகள். அந்தத் தம்பி யாருக்கும் தெரியாமல் சாதாரண வாழ்க்கை வாழப் போய்விட்டார். குடும்பத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இவரை ஏன் சாட்சிக்கு அழைப்பதில்லை?

மார்ச் 11, புதன்

இரண்டு நாட்களாக வேறு வேலைகள். இன்று மாலைதான் உட்கார முடிந்தது.

காயத்துக்கும் கொலைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. இடையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் நடப்பது கற்பனை. மெக்கல்லக் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரும் சகாக்களும் 1983-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனையில் இருந்த 16 குற்றவாளிகள். அவர்களில் 13 பேரின் குற்றத்துக்குப் பின்னால் நெடுநாள் வளர்த்த வதைக் கற்பனை இருந்தது. அது மனத்துக்குள்ளேயே இருந்துவிடவில்லை. முதலில் வெறும் காட்சி. அது சலித்துப்போகும்போது கொஞ்சம் கூர்மையாக்கப்பட்ட காட்சி. அதுவும் சலிக்கும்போது வெளியே ஒரு சின்ன ஒத்திகை: ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் வீடு வரை பின்தொடர்வது, அவ்வளவுதான். தொட்டதில்லை, பேசியதில்லை. ஆனால் அந்த நடை அன்றிரவுக் கற்பனைக்குப் புதுத் தீனி.

டாமரின் வரலாற்றை இந்தக் கோணத்தில் மறுபடி படித்தேன். பதின்பருவத்தில், தினமும் தன் வீட்டுப் பக்கமாக ஓடும் ஒருவரை மட்டையால் அடித்து வீழ்த்தத் திட்டமிட்டுப் புதரில் மறைந்திருந்தான். அன்றைக்கு அவர் ஓட வரவில்லை. 1978-ல், பள்ளிப் படிப்பு முடிந்த சில வாரங்களில், பெற்றோர் பிரிந்துபோய் வீட்டில் தனியாக இருந்தபோது முதல் கொலை. அடுத்தது 1987-ல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பாட்டி வீட்டில் தங்கியிருந்த காலத்தில் ஒரு துணிக்கடையிலிருந்து ஆளுயரப் பொம்மையைத் திருடிக்கொண்டுவந்து அறையில் வைத்திருந்தான். பாட்டி கண்டுபிடித்துக் கேட்டதும் அதை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அசையாத, மறுக்காத, விட்டுப்போகாத ஒரு உடல். பிற்பாடு உயிருள்ளவர்களிடம் அவன் தேடியதும் அதைத்தான். இன்னொரு அமெரிக்கத் தொடர்கொலையாளி எட்மண்ட் கெம்பர் சிறுவனாக இருந்தபோது சகோதரிகளின் பொம்மைகளின் தலையைத் துண்டித்தவன். வளர்ந்த பின் அவன் செய்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

கற்பனை ஏன் ஒருவரைத் தின்றுவிடுகிறது? வாழ்க்கையில் எதன் மீதும் பிடி இல்லாத சிறுவனுக்கு அங்கே முழு அதிகாரம் கிடைக்கிறது. எல்லாக் குழந்தைகளும் பகற்கனவு காண்பவர்கள்தான். அடித்த வாத்தியாரைக் கனவில் தண்டிக்காத பிள்ளை இருக்காது. ஆனால் பேச நண்பன் இருந்தால், “என்னடா உளறுகிறாய்” என்று சிரிக்க ஓர் ஆள் இருந்தால், அந்தக் கனவு கரைந்துவிடும். தனிமையில் அது கரைவதில்லை. அதோடு பாலுணர்வு விழிக்கும் வயதும் சேர்ந்துகொண்டால் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. இன்பத்தோடு பிணைந்த பழக்கம் எதுவானாலும் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கும்.

ஒருமுறை கொன்றவன் ஏன் நிறுத்துவதில்லை என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். நிஜம் கற்பனையைப் போல நடப்பதில்லை. எதிரில் இருப்பவர் அழுகிறார், போராடுகிறார், சொன்னபடி நடக்கமாட்டேன் என்கிறார். ஏமாற்றம். கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்துவிட்டு, பிழைகளைத் திருத்திக்கொண்டு, மறுபடியும்.

எழுதி முடித்தபின் கையைக் கழுவிக்கொள்ளத் தோன்றியது. கழுவினேன்.

மார்ச் 14, சனி

இன்று மூளை. உளவியலாளர் ராபர்ட் ஹேர் வகுத்த சைக்கோபதிப் பட்டியலில் 20 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 புள்ளி. 40-க்கு 30 எடுத்தால் வட அமெரிக்காவில் சைக்கோபத் என்பார்கள். மேலோட்டமான வசீகரம், குற்ற உணர்ச்சியின்மை, பொய், பரிவின்மை என்று போகும். இதில் கவனிக்க வேண்டியது, அப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை என்பது. மேலாளராகவோ மைத்துனராகவோ நம் ஊடே இருந்து உயிரை வாங்குவதோடு சரி.

ஏட்ரியன் ரெய்ன் 1997-ல் 41 கொலைக் குற்றவாளிகளின் மூளையை ஸ்கேன் செய்து, முன்நெற்றிப் பகுதியில் இயக்கம் குறைவு என்று காட்டினார். ஜேம்ஸ் ஃபாலன் என்ற நரம்பியல் அறிஞர் இப்படிப்பட்ட ஸ்கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பட்டமான சைக்கோபத் மூளை ஒன்று அந்தப் படக் கட்டுக்குள் தட்டுப்பட்டது. அவருடையதேதான். மனைவி, பிள்ளைகள், பேராசிரியர் வேலை எல்லாம் இருந்தவர். ஸ்கேன் படத்தை நீட்டி “இதோ கொலைகாரன்” என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு மனிதர் போதும்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தவை வேறு இரண்டு. மார்க் டேட்ஸ் 2006-ல் ஆஸ்திரேலியாவில் செய்தது: உணர்ச்சி மரத்த பையன்கள் அடுத்தவர் முகத்தில் பயத்தை அடையாளம் காணத் திணறுகிறார்கள். “கண்களைப் பார்” என்று சொன்னதும் அடையாளம் கண்டுவிடுகிறார்கள். குறை இருப்பது பார்வை போகும் இடத்தில். இன்னொன்று 2013-ல் நெதர்லாந்தில்: சைக்கோபத் என்று உறுதிசெய்யப்பட்ட 18 குற்றவாளிகளுக்கு, ஒரு கை இன்னொரு கையை வருடுவது, தள்ளுவது, வலிக்க அடிப்பது போன்ற காட்சிகளைக் காட்டினார்கள். சும்மா பார்க்கச் சொன்னபோது அவர்கள் மூளை மற்றவர்களைவிட மந்தமாக இருந்தது. அந்த இடத்தில் உன்னை வைத்து உணர்ந்து பார் என்றதும் வித்தியாசம் பெருமளவு மறைந்துவிட்டது. பரிவு அவர்களிடம் இல்லாமல் இல்லை; தானாக வருவதில்லை, வேண்டும்போது வரவழைக்க முடிகிறது. இல்லவே இல்லை என்பதைவிட இதுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது. ஆலோசகராக யோசித்தால் அதிக நம்பிக்கை தருவதும் இதுவே.

மார்ச் 15, ஞாயிறு

எந்தச் சட்டகத்திலும் அடங்காதவர்களுக்கு ஒரு பக்கம்.

ஹெரால்ட் ஷிப்மன். பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர். 2000-ல் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். 2002-ல் விசாரணை ஆணையம் 215 பேரைக் கொன்றதாக முடிவுக்கு வந்தது. பெரும்பாலும் வயதான பெண்கள், ஊசியில் டயமார்ஃபின் என்ற கடும் வலிநிவாரணி. 17 வயதில், புற்றுநோயால் துடித்த தாய்க்கு மருத்துவர் வீட்டுக்கே வந்து மார்ஃபின் போட்டதைப் பார்த்தவர். உடனே நம் மனம் கதையை முடித்துவிடுகிறது, இல்லையா? அதே காட்சியைப் பார்த்த எத்தனையோ பிள்ளைகள் நல்ல மருத்துவர்களாகியிருக்கிறார்கள். ஷிப்மன் காரணம் எதுவும் சொல்லாமல் 2004-ல் சிறையில் தூக்கிட்டுக்கொண்டார்.

1960-களில் பம்பாயில் நடைபாதையில் உறங்கியவர்களைக் கொன்ற ராமன் ராகவ் முற்றிலும் வேறு. அவனுக்கு நாள்பட்ட மனச்சிதைவு நோய் என்று மருத்துவக் குழு சொன்னதால் மரண தண்டனை ஆயுளாயிற்று. ஷிப்மனையும் ராமன் ராகவையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம்; இருவர் மனத்துக்கும் பொதுவாக எதையும் என்னால் காட்ட முடியவில்லை. மனச்சிதைவு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பதையும் பயிலரங்கில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மார்ச் 18, புதன்

பேசி முடித்தாயிற்று. கூட்டம் வந்திருந்தது, ஒருங்கிணைப்பாளருக்கு மகிழ்ச்சி.

“அப்படியென்றால் முன்கூட்டியே கண்டுபிடிக்கவே முடியாதா?” என்று ஒரு சார் கேட்டார். பலகையில் கணக்குப் போட்டேன். 99 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் குழந்தைகளைச் சோதித்தால் ஒரு பாவமும் அறியாத பத்தாயிரம் பேர் மீது அது முத்திரை குத்தும். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உட்கார்ந்தார். கெம்பரின் கதையையும் சொன்னேன்: 15 வயதில் தாத்தா பாட்டியைச் சுட்டவன், மனநல மருத்துவமனையில் மற்ற நோயாளிகளுக்குச் சோதனைத்தாள் கொடுக்க உதவி, எந்தப் பதில் எப்படி எடைபோடப்படும் என்று கற்றுக்கொண்டு, 21 வயதில் வெளியே வந்து மேலும் எட்டுப் பேரைக் கொன்றான். சோதனைகளை நம்பிய நிபுணர்களின் கண்ணெதிரே நடந்தது அது.

கூட்டம் கலைந்தபின் ஓர் ஆசிரியை மாடிப்படி வரை கூடவே வந்தார். வகுப்பில் ஒரு சிறுமி. திட்டினால் அழுவதில்லை, அடுத்தவள் விழுந்தால் சிரிக்கிறாள். நாள்தோறும் வெளியே நிற்கவைத்தும் பயனில்லையாம். இத்தகைய குழந்தைகளுக்குத் தண்டனை உறைப்பதில்லை, பாராட்டு வேலை செய்யும் என்றேன். 2016-ல் வந்த தத்துக் குழந்தைகள் பற்றிய ஆய்வைச் சொன்னேன்: பெற்ற தாயிடமிருந்து வந்த மரபுச் சுமையின் தாக்கம், வளர்த்த தாய் நிறையப் பாராட்டி ஊக்குவித்த வீடுகளில் மட்டுப்பட்டிருந்தது.

“தப்பு செய்கிறவளைப் பாராட்டினால் மற்ற முப்பது பேர் என்ன நினைப்பார்கள்?” என்றார். நியாயமான கேள்வி. படிக்கட்டிலேயே நின்று வாதாடினோம். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும்தான். கடைசியில், இந்த வாரத்துக்குள் அவள் செய்த ஒரு நல்ல காரியத்தையாவது குறித்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்றேன்.

“தேடிப் பார்க்கிறேன்” என்றார், அவ்வளவாக நம்பிக்கை இல்லாமல்.