ஒரே நாடாவில் இரண்டு நியாயம்

மக்களின் பாட்டையும் பழக்கவழக்கங்களையும் பதிவு செய்வது என் வேலை. ஒரு பதிவில் இடத்தின் பெயரைப் போடச் சொன்னவர், அதில் பேசிய அம்மா. போடாமல் விட்டது நான். தக்க காரணத்தோடுதான் அப்படிச் செய்தேன். இருந்தும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், தெற்கு மலைகளில் வசந்தம் வந்தால் ராம்ப் என்ற காட்டு வெங்காயச் செடி வந்துவிடும். பூண்டும் வெங்காயமும் கலந்த காரமான வாசனை, அகன்ற இலை. பன்றிக் கொழுப்பில் உருளைக்கிழங்கோடு வதக்கி, பீன்ஸும் சோள ரொட்டியும் சேர்த்து தேவாலய விருந்துகளில் பரிமாறுவார்கள். அந்த அம்மா ராம்பைக் கழுவிக்கொண்டே பேசினார், இடையில் பாட்டி சொல்லிக்கொடுத்த கதைப்பாட்டு ஒன்றையும் பாடினார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. அடி முடிகிற இடத்தில் குரலை மேலே சுண்டி விடுகிற பழைய பாணி. பாட்டை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ஒரு மலையிடுக்கின் பெயரைச் சொன்னார். ராம்ப் எங்கே தோண்டுவீர்கள் என்று கேட்டேன். அதே பெயர்தான்.

ஒப்புதல் படிவத்தில் எதையாவது மறைத்து வைக்க வேண்டுமா என்று கேட்கும் ஓர் இடம் உண்டு. அவர் அதைத் தொடவே இல்லை. "எல்லாத்தையும் போடு. அந்தப் பேரையும் போடு. மலையை வெட்டி அதுமேல கொட்டிட்டா, அப்படி ஒரு இடம் இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் பயம் வெறும் பயமல்ல. அந்தப் பக்கத்தில் நிலக்கரிக்காக மலையின் உச்சியை வெடி வைத்துத் தகர்ப்பார்கள். மிஞ்சும் மண்ணும் பாறையும் பக்கத்துப் பள்ளங்களில்தான் போய் விழும். ஓடையும் ராம்பும் பாட்டுக் கற்ற இடமும் எல்லாம் அதற்கு அடியில்.

சில நாள் கழித்து அவர் மகன் கூப்பிட்டார். "அம்மா சொன்ன இடத்தை வெளியில விடாதீங்க, சாக்கு எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க." அவர் சொன்னதும் உண்மைதான். நகரத்து உணவகங்களுக்கு ராம்ப் மோகம் வந்து வெகுகாலம் ஆகிறது. விதையிலிருந்து பூக்கும் பருவம் வர ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வேரோடு பிடுங்கினால் அந்தச் செடி அவ்வளவுதான். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் 2004 முதல் தோண்டவே தடை. கியூபெக்கில் 1995 முதல் விற்கக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடுக்கு, காகிதத்தில் ஒரு நில நிறுவனத்துக்குச் சொந்தம். பல தலைமுறையாக எல்லாரும் போய்வருகிற காடு என்றாலும், பெயரோடு பதிவில் ஏறிவிட்டால் அதுவே அத்துமீறலுக்குச் சாட்சியாகலாம்.

அதனால் ராம்ப் பகுதியில் மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்தேன். முழுப் பதிவை அனுமதி இல்லாமல் யாரும் கேட்க முடியாதபடி கட்டுப்பாட்டில் வைத்தேன். பாட்டுப் பகுதியில் மட்டும் இடத்தின் பெயரை அப்படியே இருக்க விட்டேன்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 1916 முதல் 1918 வரை இந்த மலைகளில் பாட்டுச் சேகரித்த ஆங்கிலேயர் செசில் ஷார்ப், பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் குறித்துவைத்தார். பிடில் இசையையும் கறுப்பின மக்களின் பாட்டையும் அவர் பெரும்பாலும் விட்டுவிட்டார் என்பது வேறு குறை. ஆனால் பாட்டுக்கு இடம் வேண்டும் என்பதை எங்கள் தொழில் அன்றிலிருந்தே விடவில்லை. அப்படியானால் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் வேண்டாம்? 1990களில் இதே மேற்கு வர்ஜீனியாவின் கோல் ரிவர் பள்ளத்தாக்கில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையம் செய்த ஆவணப் பணியில், மக்கள் ஒவ்வொரு இடுக்கையும் பெயர் சொல்லித்தான் விவரித்தார்கள். இது வெறும் காடு அல்ல, நாங்கள் புழங்கும் இடம் என்பதற்கு அந்தப் பெயர்களே சான்று. நான் எடுத்துவிட்டதும் அந்தச் சான்றைத்தான்.

செடிக்குத் தன் சார்பில் பேச வாயில்லை, மகன்தான் அடுத்த ஏப்ரலில் அங்கே போய்த் தோண்ட வேண்டியவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் நியாயம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டவர் அம்மா. தன் வாழ்க்கையில் எது வெளியே போகலாம் என்பதை அவரைவிட நான் நன்றாக அறிந்தவன் போல நடந்துகொள்ள எனக்கு என்ன உரிமை? மக்களின் குரலைக் கேட்கத்தான் போகிறோம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். குரல் நமக்குச் சங்கடமான ஒன்றைச் சொன்னால், பாதுகாப்பு என்ற பேரில் அதைத் திருத்தத் தொடங்கிவிடுகிறோம். அப்புறம், இதையெல்லாம் அவரிடமே திரும்பப் போய்க் கேட்டிருக்கலாமே என்றால், மகன் அம்மாவுக்குத் தெரியாமல்தான் என்னைக் கூப்பிட்டார். ஒரு வீட்டுக்குள் சண்டை மூட்டுவதும் என் வேலை அல்ல.

இப்போது மண் கொட்டி மூடப்பட்ட பள்ளங்களின் பழைய பெயர்களை வரைபடமாக்கும் ஒரு மாணவி, அந்த முழுப் பதிவைத் தரும்படி கேட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த அம்மா விரும்பியதும் இதைத்தான். வரைபடம் எல்லாருக்கும் திறந்தே இருக்கும் என்றும் மாணவியின் கடிதத்தில் இருக்கிறது. மகனிடம் கேட்காமல் கொடுக்க முடியாது. அவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.