கல்லடி மணலில் மழை லில்லி: இதுவரை செய்து பார்த்தவை

ஐரோப்பாவில் பனி உருகும் முன்னரே பூத்துவிடும் ஸ்னோடிராப்பை மட்டக்களப்பில் வளர்க்க வழியில்லை. அதன் குமிழ் பல வாரம் குளிரில் கிடந்தால்தான் பூக்கும். நமக்கு மார்கழியிலும் அந்தக் குளிர் வராது. ஆனால் அதே அமரில்லிடேசியே குடும்பத்து மழை லில்லி கல்லடி மணலில் நன்றாகவே பிடிக்கிறது. ஸ்னோடிராப்புக்குக் குளிர் செய்வதை இதற்கு வறட்சி செய்யுமா? அதைப் பார்க்கவே வெள்ளை மழை லில்லியை இரண்டு பூச்சாடிகளில் வைத்தேன்.

வளவு மணல், உக்கிய மாட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள். குமிழின் கழுத்து மண்மட்டத்தில் நிற்கும்படி நட்டேன்.

கச்சான் காற்று வீசிய ஆடி, ஆவணியில் ஒரு சாடிக்குத் தண்ணீரை நிறுத்தினேன், மற்றதற்கு நிறுத்தவில்லை. காய்ந்த சாடியில் இலைநுனிகள் மஞ்சளித்துச் சரிந்தன. “பாவம் பிள்ளை, கொஞ்சம் தண்ணீர் ஊற்று” என்றார் பக்கத்து வீட்டு மாமி. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஊற்றவில்லை. புரட்டாசியில் கிணற்று நீரால் நன்றாக நனைத்தேன். ஓரிரு மொட்டுகள் வந்தன. ஐப்பசியின் முதல் இடிமழைக்குப் பிறகோ சாடி நிறையப் பூ! மற்றச் சாடியில் இலைதான் அடர்ந்திருந்தது.

மொட்டு மெல்லிய உறைக்குள் சுருண்டு மேலே வருகிறது. விரிந்தால் ஆறு வெள்ளை இதழ்கள், நடுவே ஆறு மஞ்சள் மகரந்தப்பைகள். இதழ்களுக்குக் கீழே சிறிய பச்சைப் புடைப்பு ஒன்று தெரியும், அதுதான் சூலகம். ஸ்னோடிராப்பிலும் சூலகம் இதழ்களுக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே ஆறில் மூன்று இதழ்கள் நீண்டு வெளியே நிற்கும். குட்டையான உள்ளிதழ் மூன்றின் நுனியிலும் பச்சைத் தீற்றல். கடும் உறைபனியில் அதன் தண்டு துவண்டு மண்ணில் விழும், வெயில் பட்டதும் எழுந்துவிடும். விதையில் ஒட்டியிருக்கும் சதைத்துணுக்குக்காக எறும்புகள் அதை இழுத்துச் சென்று பரப்புகின்றன. என்னை அதிகம் வியக்கவைத்தது அதன் மருந்துக்குணம்: ஸ்னோடிராப் இனத்தில் 1950களில் கண்டறிந்த கலன்டமின், இன்று அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

அதற்காக யாரும் கிழங்கைத் தின்று பார்க்க வேண்டாம். இரண்டுமே நஞ்சு. மழை லில்லிக் குமிழ் சின்ன வெங்காயத்தைப் போலவே இருப்பதால், பிரித்தெடுத்தவற்றைக் குசினிப் பக்கம் வைக்காதீர்கள்.

அடுத்த கச்சானுக்குச் சாடிகளை மாற்றப்போகிறேன்: இம்முறை நனைந்தது காயும், காய்ந்தது நனையும். அப்போதும் காய்ந்த சாடியே பூத்தால், காரணம் வெயிலோ எருவோ அல்ல என்று துணிந்து சொல்லலாம்.