பத்தாவது ஆள்

நியூ ஜெர்சியில் யூத முதியோர் இல்லம் ஒன்றில் 2014-ல் உதவிச் செவிலியாகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பிட வைப்பது என்று வேலை ஓயாது. காலை ஏழே முக்காலுக்குள் தரைத்தளத்துப் பிரார்த்தனைக் கூடத்துக்குச் சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போவதும் என் பொறுப்பு.

யூதர்களுக்குச் சில பிரார்த்தனைகளைப் பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும். அந்தப் பத்துக்கு 'மின்யன்' என்று பெயர். இறந்தவர்களுக்காகச் சொல்கிற 'கதீஷ்' அதில் ஒன்று. தாய் தகப்பனுக்குப் பதினோரு மாதம் தினமும் சொல்வார்கள், அப்புறம் வருஷா வருஷம் திதி நாளில். ஒன்பது பேரோடு நின்றுபோனால் அன்றைக்குக் கதீஷ் இல்லை. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் மாட்டார்கள். வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில், எபிரேயத்தில் பத்தே சொல் கொண்ட ஒரு வசனம் உண்டு. ஆளுக்கு ஒரு சொல்லாக அதைச் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசிச் சொல்லுக்கும் ஆள் இருந்தால் பத்து. கேட்டுக் கேட்டு எனக்கும் அது மனப்பாடம்.

அதற்கு முன் நான் வேலை பார்த்தது, பழைய மரபை அப்படியே காக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் இல்லம். அங்கே ஆண்கள் மட்டும்தான் கணக்கு. அதே நினைப்பில், புது இடத்தில் இரண்டாவது வாரமே ஒரு தப்புச் செய்தேன். கூடத்தில் ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து நான் கூட்டி வந்த அம்மாவை வாசலோரம் நிறுத்திவிட்டு, "இன்னும் ஒருத்தர் வேணும், மேலே யாராவது ஆம்பளைங்க எழுந்திருச்சிட்டாங்களான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று திரும்பினேன். என் கையை எட்டிப் பிடித்தார்.

"எங்கே ஓடுறே? அப்போ நான் யாரு?"

அவர் பெயரை எழுதுவது முறையில்லை. என் மனசுக்குள் அவர் ஆச்சிதான். அப்போது வயது 89.

மறுநாள் காலுறை மாட்டிவிடும்போது மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதிலாகத்தான் அவர் தன் அம்மாவின் கதையைச் சொன்னார். அம்மா 1958-ல் புரூக்ளினில் இறந்தார். இரண்டு பெண்கள், ஆண் வாரிசு இல்லை. கதீஷ் சொல்ல ஜெபாலயத்தில் ஒருவருக்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண வழக்கம். பெண்கள் பகுதியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆச்சி கேட்டிருக்கிறார். "எங்கம்மா முகத்தைக்கூடப் பார்க்காத ஆள். ரயிலுக்கு நேரமாச்சுங்கிற மாதிரி சொல்லி முடிச்சார். நான் 'ஆமென்' மட்டும் சொன்னேன். அதுவும் மெதுவா."

அவருடைய மேசை இழுப்பறையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள் இருந்தது. 1916-ல் ஹென்ரியெட்டா ஸோல்ட் எழுதிய கடிதத்தின் நகல். மருத்துவப் பணியால் பெயர் பெற்ற ஹதாஸா அமைப்பைத் தொடங்கியவர் அவர். ஸோல்டின் தாய் இறந்தபோது குடும்ப நண்பர் ஹைம் பெரெட்ஸ், தான் கதீஷ் சொல்வதாக முன்வந்தார். ஸோல்ட் நன்றி சொல்லி மறுத்து இப்படி எழுதினார்: எங்கள் வீட்டில் எட்டுப் பெண்கள், மகன் இல்லை. அதற்காக அப்பாவோ அம்மாவோ ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அப்பா இறந்தபோதும் மகள்களின் இடத்தில் வேறு யாரும் நிற்க அம்மா விடவில்லை. கடிதத்தின் சாரம் இதுதான். ஒரு கடுமையான சொல் கிடையாது. இவ்வளவு அன்போடு ஒருவர் 'முடியாது' என்று சொல்லி நான் வாசித்ததில்லை.

அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1972-ல் 'எஸ்ரத் நஷிம்' என்ற சிறு குழுவாகச் சேர்ந்த இளம்பெண்கள், மரபைப் பேணினாலும் மாற்றத்துக்கு இடம் கொடுக்கிற கன்சர்வேட்டிவ் பிரிவின் ரபிகள், அதாவது யூத குருமார்கள், கூடிய மாநாட்டுக்கே போய்க் கோரிக்கை வைத்தார்கள். மின்யனில் எங்களையும் சேருங்கள், சாட்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள், ரபி படிப்பில் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். எருசலேமின் பழைய ஆலயத்தில் பெண்கள் நின்ற பகுதிக்கும் எஸ்ரத் நஷிம் என்றுதான் பெயர், பெண்களின் உதவி என்றும் பொருள் வரும். தங்களை ஒதுக்கி நிறுத்திய இடத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, 1973-ல், பெண்களையும் பத்தில் சேர்க்கலாம் என்று அந்தப் பிரிவின் சட்டக் குழு அனுமதித்தது. சேர்ப்பதும் சேர்க்காததும் அந்தந்த ஜெபாலயத்தின் முடிவு. ஆச்சியின் ஜெபாலயம் மூன்று வருஷம் யோசித்தது. அம்மா போய்ப் பதினெட்டு வருஷம் கழித்து, தன் 51-வது வயதில், அவர் முதன்முதலாகக் கதீஷ் சொன்னார்.

இதைக் கேட்டபோது என் கை நின்றுவிட்டது. என் அப்பா திருநெல்வேலியில் இறந்தபோது தெருமுனை வரைக்கும்தான் என்னை விட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். நான் மூத்தவள். ஆச்சியிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கப்பா பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அம்மாவின் திதிக்கு இருபத்துநாலு மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவது முறை. எங்கள் மாடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் இருப்பதால் தீ கூடாது. அதனால் ஒரு சின்ன மின்விளக்கு. முந்தின நாள் சாயங்காலம் அவரே பொத்தானை அழுத்துவார். காலையில் 'தல்லித்' சால்வையைப் போர்த்திவிடுவேன். அதன் தொங்கல் நூல்கள் மூக்கு ட்யூபில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதீஷை நின்றுதான் சொல்வேன் என்பார். நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் பூட்டி, கால்தாங்கிகளை மடக்கி, பிடித்துத் தூக்குவதற்கான கெய்ட் பெல்ட்டை இடுப்பில் கட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்குவேன். எழும்போது முழங்கால் நடுங்கும். 'யித்கடல் வெயித்கடஷ்' என்று தொடங்கியதும் நடுக்கம் நிற்காது, ஆனால் குரல் நிலைத்துவிடும். அரமேய மொழி. சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை, முழுக்க இறைவனின் புகழ்தான். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அந்த நேரம் முழுவதும் அவர் எடை பெல்ட் வழியாக என் விரல்களில் இருக்கும்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் உண்டு. ஒன்பது ஆண்களும் ஆச்சியுமாகப் பத்து சேரும் நாட்களில் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆமென் சொல்ல மாட்டார். எனக்குக் கோபம் வரும். ஆச்சிக்கு வராது. "அவர் வளர்ந்த வீட்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. எழுந்து போகாம உட்கார்ந்திருக்கார், பாரு" என்பார். ஆனால் பத்தில் தன் இடத்தை விட்டுக் கொடுத்ததும் இல்லை.

2018-ல் ஆச்சி போய்ச் சேர்ந்தார். மகள் பக்கத்து ஊர், பள்ளி ஆசிரியை. பதினோரு மாதமும் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் கூடத்துக்கே வந்து கதீஷ் சொன்னார். அம்மாவின் அதே தல்லித்.

ஒருநாள் ராத்திரி முழுக்கப் பனி. காலையில் அந்தப் பத்துச் சொல் வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒன்பதாவது சொல்லில் நின்றது. நான் கதவோரம் நிற்கிறேன். ஒவ்வொரு ஆமெனும் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் யூதப் பெண் இல்லை, அந்தப் பத்தில் வர மாட்டேன். மகள் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாடிக்குப் போன் போட்டேன். கேரளத்துப் பெண்தான் எடுத்தாள்.

"கடைசி ரூம் பாட்டியை எழுப்பும்மா. தலை சீவ வேண்டாம், ஸ்வெட்டர் மட்டும் போடு. ஒரு ஆள் குறையுதுன்னு சொல்லு, அவங்களுக்குப் புரியும். நான் மேலே வர்றேன்."