சுண்ணாம்பு முதலில்

போன ஆடி மாசம் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு மாரிக்குப்பம் ரயிலில் ஊருக்குப் போனேன். கோலார் தங்கவயல் அவனுக்குப் புதுசு. சாம்பியன் ஸ்டேஷன் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, "அத்தை, இங்க மலை ஏன் சாம்பல் கலர்ல இருக்கு?" என்றான்.

மலை எங்கே? அது அரைத்த மாவு. நூறு வருஷத்துக்கும் மேலாகக் கல்லை அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய மேடு. எங்கள் வாயில் அது சைனட் மேடு, அதாவது சயனைடு மேடு. பெயரைக் கேட்டதும் பையன் ஜன்னலைச் சாத்தப் போனான்.

தங்கவயல் என்றால் எல்லோரும் பூமிக்கடியில் இறங்கியவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான், சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். ஆனால் என் அப்பா மில்லுக்காரர். 2001 பிப்ரவரியில் மூடும்வரை மில்லிலேயே இருந்தார். மேலே வந்த கல் தங்கமானது அவர்கள் கையில்தான்.

கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லில் 3 கிராம் கிடைப்பதே பெரிய விஷயம். ஒரு பவுனுக்குக் கிட்டத்தட்ட மூன்று டன் கல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கல்லை விரலில் தேய்த்தால் நெருநெரு என்றுகூடப் படாத அளவுக்கு நைசாக அரைத்து, தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் விடுவார்கள். தங்கத்தைக் கரைக்க ஆயிரம் லிட்டருக்கு அரைக் கிலோ சயனைடு இருந்தாலே போதும். ஆனால் காற்று வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் சயனைடு தங்கத்தைக் கரைக்காது. அதனால் தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். "உலை கொதிக்கிற மாதிரி தளதளன்னு இருக்கும், அடுப்பே கிடையாது" என்பார் அப்பா. கரன்ட் போய்க் காற்று நின்றால் போச்சு. சேறு அடியில் உட்கார்ந்து இறுகிவிடும், கிளறிவிடுவதற்குள் உயிர் போய்விடும்.

1887இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தர் என்பவரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்த வழி இது. அதற்கு முன் பாதரசத்தை நம்பியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடித் தங்கம் அதில் பிடிபடாமல் கழிவோடு போய்விடும்.

அப்பாவுக்கு ஒரே வேதம்தான்: சுண்ணாம்பு முதலில், சயனைடு அப்புறம். நான் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. சுண்ணாம்பு தண்ணீருக்குக் காரத்தன்மை தரும்; அது குறைந்தால் சயனைடு விஷ வாயுவாகக் கிளம்பிவிடும். காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு பத்துக்கு மேலே இருக்கும்வரை அது கரைசலிலேயே அடங்கிக் கிடக்கும். அமிலம் என்ற பயம் அப்பாவுக்கு எந்த அளவு என்றால், மில்லுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகமாட்டார். டப்பாவில் இருக்கிற புளிச்சோறு தொட்டியை என்ன செய்யும் என்று கேட்டால், "உன் படிப்பு உன்னோட இருக்கட்டும் பாப்பா" என்பார்.

தங்கம் கரைந்த நீர் குடிதண்ணீர் மாதிரி தெளிந்திருக்குமாம். மண்ணை வடிகட்டிவிட்டு அந்த நீரில் துத்தநாகத்தைச் சேர்ப்பார்கள். துத்தநாகம் கரையும், அதன் இடத்தில் தங்கம் படியும். எப்படிப் படியும்? கன்னங்கரேல் என்று, சாக்கடைச் சேறு மாதிரி. அதை உருக்குவது பூட்டிய அறைக்குள், காவல் போட்டு. அப்பா வேலையில் பார்த்த தங்கமெல்லாம் அந்தக் கறுப்புச் சேறுதான்.

சரி, மேட்டுக்கு வருகிறேன். சின்ன வயதில் தகரத் துண்டில் உட்கார்ந்து அதன் மேலிருந்து சறுக்கியிருக்கிறோம். சயனைடு ஒன்றும் செய்யவில்லை. வெயிலும் காற்றும் பட்டால் அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். எங்களைப் படுத்தியது தூசி. ஆடிக் காற்றில் அம்மி பறந்ததோ இல்லையோ, அந்த மண் பறக்கும். தண்ணீர்க் குடத்துக்குத் துணி கட்டி, மாவுக்குத் தட்டு போட்டு மூடி, அம்மா என்ன செய்தாலும் இட்லியில் நறநற என்று ஒன்று மாட்டும். அரைத்த கல்தூள், அதுவும் சிலிக்கா, நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. விஷம் என்ற பெயரைச் சுமந்தது சயனைடு, ஊர் இருமியது தூளால். எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் உண்டு.

இப்போது அந்த மேடுகளுக்கே விலை வந்திருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 13 மேடுகள், ஆயிரம் ஏக்கர் சுமார். அவற்றில் மறுபடி தங்கம் எடுக்க விடலாம் என்று 2024இல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொன்னது. செய்தியைக் கேட்ட அப்பா, "மேட்டைத் தோண்டினா முதல்ல தண்ணி தெளிக்கணும்" என்றார். தங்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பையன் ஒரு கட்டி மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்துவிட்டான். அதில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று தாத்தாவைத் துளைத்து எடுத்தான். இப்போது அது டிவி பக்கத்தில் இருக்கிறது. ஃபேன் போட்டால் பொடி உதிர்கிறது, அண்ணி தினமும் துடைத்துக்கொண்டே திட்டுகிறாள்.