சிஸ்டங்களுக்கு நடுவே: ஒரு ஸ்கோரின் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

பாடகர் குழுவுக்கான பாட்டு ஒன்றின் ஸ்கோரை, அதாவது எல்லாப் பகுதிகளும் ஒன்றாக இருக்கும் இசைத்தாளை, லிலிபாண்ட் என்ற இசை அச்சுக்கோப்பு மென்பொருளில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பெண் குரல்களுக்கு ஒரு ஸ்டாஃப் (சுரங்கள் உட்காரும் ஐந்து கோட்டு வரிசை), ஆண் குரல்களுக்கு ஒன்று, அவற்றுக்குக் கீழே பியானோவின் இரண்டு. ஆக ஒரு சிஸ்டத்துக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்டாஃப்களின் ஓர் அடுக்குக்கு) நான்கு ஸ்டாஃப்கள், ஏ4 தாளில் பக்கத்துக்கு மூன்று சிஸ்டங்கள். சுரங்கள் எல்லாம் ஏறிவிட்டன, பிழை திருத்தமும் முடிந்தது. மிச்சம் இருப்பது யாரும் பாராட்டாத வேலை: மேலிருந்து கீழ்வரை இடைவெளிகளைச் சரிசெய்வது. நன்றாக அமைந்தால் ஒருவர் கண்ணிலும் படாது, கெட்டுப்போனால் அத்தனை பேர் கண்ணிலும் படும்.

இப்போதைக்குக் கெட்டுத்தான் கிடக்கிறது. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் எதிரெதிரே விரிபவை. இடப்பக்கம் மூன்று சிஸ்டங்கள் நிறைவாக நிற்கின்றன. வலப்பக்கம் இரண்டுதான், அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய வெள்ளைப் பள்ளம். பியானோ வாசிப்பவர் தாளைத் திருப்ப வேண்டுமே என்று மூன்றாம் பக்க முடிவை ஓய்வுக்குறி வரும் இடத்தில் முறித்திருப்பதுதான் காரணம்.

ஜூன் 4, புதன்

பள்ளத்தைப் பார்த்ததும் பலருக்கும் வரும் முதல் ஆசை, கீழ் சிஸ்டத்தைப் பிடித்து மேலே இழுப்பது. லிலிபாண்டிலும் அதற்கு வழி இருக்கிறது: ஒவ்வொரு சிஸ்டத்தின் உயரத்தையும் எண் கொடுத்து ஆணியடித்துவிடலாம். எனக்கு அது பிடிக்காது. நாளைக்கு ஒரு வரி கூடினாலும் ஆணி அடித்த இடத்திலேயே நிற்கும், பாட்டு மட்டும் நகர்ந்துபோயிருக்கும்.

அதைவிட மென்பொருள் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்துகொள்வது மேல். ஒவ்வொரு இடைவெளிக்கும் அது நான்கு எண்களைப் பார்க்கிறது. பேசிக்-டிஸ்டன்ஸ் என்பது நெருக்கடியோ தளர்ச்சியோ இல்லாதபோது இருக்க வேண்டிய தூரம். மினிமம்-டிஸ்டன்ஸ், நெருக்கினாலும் இதற்குக் கீழே போகாதே என்ற வரம்பு. இந்த இரண்டும் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு அளக்கப்படுகின்றன. பேடிங் வேறு வகை: மேலே இருப்பதன் அடி விளிம்புக்கும் கீழே இருப்பதன் மேல் விளிம்புக்கும் நடுவே விட வேண்டிய குறைந்தபட்ச வெற்றிடம். நான்காவது ஸ்ட்ரெட்சபிலிட்டி. பக்கத்தில் இடம் மிஞ்சும்போது யார் எவ்வளவு விரிந்துகொடுப்பது என்ற பங்கு அது. தனியாக அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. மற்றவற்றின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் பொருள்.

அளவுகோல் மில்லிமீட்டர் அல்ல, ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவேயுள்ள தூரம். வழக்கமான 20 புள்ளி (அச்சு அளவு) உயர ஸ்டாஃபில் அது ஏறக்குறைய 1.76 மி.மீ. ஸ்டாஃபைச் சிறிதாக்கினால் எல்லா இடைவெளியும் அதே விகிதத்தில் சுருங்கும்.

லிலிபாண்டில் சிஸ்டங்களுக்கு நடுவேயான பேசிக்-டிஸ்டன்ஸ் நாம் மாற்றாதவரை 12, ஸ்ட்ரெட்சபிலிட்டி 60. பியானோவின் இரண்டு கைகளுக்கு நடுவே ஸ்ட்ரெட்சபிலிட்டி வெறும் 5. அதாவது மிஞ்சும் இடத்தின் பெரும் பகுதி சிஸ்டங்களுக்கு நடுவே போகட்டும், சேர்ந்து வாசிக்க வேண்டியவை சேர்ந்தே இருக்கட்டும் என்பது ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பக்கத்தில் இரண்டே சிஸ்டங்கள் இருந்தால் நடுவே இருப்பது ஒரே ஓர் இடைவெளி, அவ்வளவும் அதன் தலையில் விழுகிறது. என் பள்ளம் இப்படித்தான் பிறந்தது.

ஜூன் 6, வெள்ளி

பள்ளம் மூடிவிட்டது, செங்குத்து எண் எதையும் தொடாமலேயே. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐந்து சிஸ்டங்கள் இருந்தன. மொத்தம் எத்தனை சிஸ்டம் என்று சொல்லும் சிஸ்டம்-கவுன்ட்டில் ஒன்றைக் கூட்டிக் கொடுத்தேன். அதே இசை ஆறு சிஸ்டங்களில் பரவி, இரு பக்கமும் மூன்று மூன்றாக நின்றுவிட்டது. சுரங்களுக்கு நடுவே குறுக்குவாட்டில் கொஞ்சம் தளர்வு வந்திருக்கிறது. பாடுபவர்களுக்கு அது நல்லதே, நீளமான சொற்கள் ஒன்றோடொன்று முட்டாது. மேல்-கீழ் இடைவெளிக் கோளாறுகளில் பாதி உண்மையில் வரிமுறிவுக் கோளாறுகள். முறிவுகளைத் தீர்மானிக்காமல் இடைவெளியில் கைவைப்பது வீண் உழைப்பு.

உலோகத் தகட்டில் இசை பொறித்தவர்களுக்கு இது பாலபாடம். ஐந்து பல் கருவியால் கோடுகளைக் கீறிய பிறகுதான் சுரங்களை அச்சு உளியால் தட்டுவார்கள், அதுவும் கண்ணாடிப் பிம்பமாக. கோடு கீறியபின் ஸ்டாஃபை நகர்த்த முடியாது. ஆகவே எந்தப் பக்கத்தில் எத்தனை வரி என்ற கணக்கு முதலிலேயே முடிந்திருக்கும்.

ஜூன் 7, சனி

இன்று முழுவதும் பாடல் வரிகளோடு மல்லுக்கட்டு. ஸ்டாஃபின் கீழே இரண்டு சரணங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. தமிழ் எழுத்து இங்கே தனிச் சிக்கல் கொடுக்கிறது. முதல் சரணத்தில் ஒரு 'மூ' வந்தால் அதன் வால் கீழே இறங்குகிறது. அதற்கு நேர் கீழே இரண்டாம் சரணத்தில் ஒரு 'கீ' வந்தால் அதன் சுழி மேலே ஏறுகிறது. பேடிங் விதி இந்த மோதலைப் பொறுக்காது, உடனே இரண்டாம் வரி முழுவதையும் கீழே தள்ளிவிடும். மோதல் இல்லாத சிஸ்டத்தில் வரிகள் நெருங்கியிருக்கும். விளைவு, ஒரே பக்கத்தில் சரணங்களுக்கு நடுவேயான தூரம் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறுகிறது. மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது.

பேடிங்கைக் கூட்டினால் எல்லா இடத்திலும் சேர்ந்து கூடும், ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும். மினிமம்-டிஸ்டன்ஸைத்தான் உயர்த்த வேண்டும். 2.8 இருந்ததை 3.4 ஆக்கினேன். மிக மோசமான வால்-சுழி ஜோடியும் அதற்குள் அடங்குகிறது, ஆகவே எல்லாச் சிஸ்டத்திலும் ஒரே தூரம். (எழுத்துருவை மாற்றினால் இந்த எண்ணும் மாறும். நீண்ட வால் உள்ள எழுத்துருக்களைப் பாடல் வரிக்கு எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.)

இன்னொன்று: பக்கம் விரியும்போது பாடல் வரி எந்த ஸ்டாஃபோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பெண் குரல்களின் வரிகளை மேல் ஸ்டாஃபோடு கட்டியிருக்கிறேன். நடுவில் அந்தரத்தில் தொங்கும் சொல்லை யார் பாடுவது?

ஜூன் 10, செவ்வாய்

சோதனை அச்சு எடுத்துப் பியானோ வாசிப்பவரிடம் கொடுத்தேன். "இந்தச் சுரம் யாருக்குச் சொந்தம் என்றே தெரியவில்லையே" என்று நான்காம் பக்கத்தைக் காட்டினார். இடக்கையில், ஸ்டாஃபுக்கு வெளியே போடும் துணைக்கோடுகளோடு ஆழமாக இறங்கும் ஒரு சுரம். அதற்குச் சற்றே வலப்புறம், அடுத்த சிஸ்டத்து சோப்ரானோவின் (மேல் பெண் குரலின்) உச்ச சுரம். லிலிபாண்ட் சிஸ்டங்களைப் பெட்டிகளாகப் பார்ப்பதில்லை, மேடுபள்ளமான விளிம்புகளாகப் பார்க்கிறது. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் பொருந்தினால் அதற்கு மகிழ்ச்சி. இடம் மிச்சமாகிறது, வாசிப்பவர் குழம்புகிறார். சிஸ்டங்களுக்கு நடுவேயான பேடிங்கை 1-லிருந்து 3 ஆக்கினேன், இரண்டும் பிரிந்தன. அதோடு சிஸ்டங்களுக்கு நடுவே இடப்புறத்தில் இரட்டைச் சாய்கோடும் போட்டுவிட்டேன்.

குழுவில் ஒருவர், ஸ்டாஃபை 18 புள்ளிக்குக் குறைத்தால் பக்கத்துக்கு நான்கு சிஸ்டங்கள் வைக்கலாமே, ஒரு தாள் மிச்சமாகுமே என்றார். வைக்கலாம். நான்கும் மூச்சுமுட்ட நிற்கும், கையை நீட்டித் தாளைப் பிடித்துப் பாடுபவர் கண்ணைச் சுருக்குவார். ஒரு தாளுக்காக அதைச் செய்ய நான் தயாராக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இடைவெளிகளை அளந்து காட்டும் அனோடேட்-ஸ்பேசிங்கை முடுக்கிவிட்டு எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை பார்த்தேன். ஒவ்வொரு இடைவெளியிலும் அம்புக்குறியும் எண்ணும் நிரம்பி பக்கமே காடாகிவிடுகிறது, ஆனால் எந்த இடம் எந்த விதியால் அப்படி நிற்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

மாலையில் குழு நடத்துநர் அழைத்தார். மூன்றாம் சரணமும் வேண்டுமாம். ஸ்டாஃபின் கீழே இன்னொரு வரி சேர்த்துப் பார்த்தேன். தலைப்பு இருக்கும் முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது, தாள் திருப்பும் இடமும் அதோடு போயிற்று. வரியை எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கம் மட்டும் அடிவரை விரியாமல் நிற்பதால் அங்கே கீழ்ப்பாதி காலி. மூன்றாம் சரணத்தைச் சுரமில்லாமல் வெறும் பாட்டாக அங்கே இரண்டு பத்தியாக அமைத்து, பிடிஎஃப் அனுப்பியிருக்கிறேன்.