சுடும் பாறையில் நிற்கும் நத்தை

ஹாங்காங் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் டி அகிலர் முனைக்குப் போன ஞாயிறு மதியம் போயிருந்தேன். பாறையில் கை வைக்க முடியவில்லை, பொசுக்கி எடுத்தது. கோடையில் இங்கே பாறை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில், அலை எட்டாத உயரத்தில், சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும் கடல் நத்தைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. எக்கினோலிட்டோரினா மலக்கானா என்று பெயர். ஓடு முழுக்க வரிசை வரிசையாகக் குட்டி முடிச்சுகள்.

குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். உடம்பு மொத்தமும் ஓட்டுக்குள் போய்விடுகிறது, வாசலை ஒரு மூடி அடைத்துக்கொள்கிறது, அப்புறம் ஓட்டின் விளிம்பு மட்டும் காய்ந்த சளியால் பாறையைப் பிடித்திருக்கிறது. சில நத்தைகள் அந்த விளிம்பிலேயே ஓட்டை நிமிர்த்தி நிற்கின்றன, சில இன்னொன்றின் முதுகில் ஏறிவிடுகின்றன, ஏனென்றால் பாறையை எவ்வளவு குறைவாகத் தொடுகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் சூடு ஏறும். சூடு கூடக்கூட உடலின் சக்திச் செலவையும் அடக்கிக்கொண்டு கிட்டத்தட்ட 55 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். படித்தபோது எனக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பாறை நனைந்தால்தான் இந்த நத்தைகள் நகரும், பாசியைச் சுரண்டித் தின்னும். போகிறவர்கள் தயவுசெய்து இவற்றைப் பெயர்த்து எடுக்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒன்றின் மேல் ஒரு கை கடல்நீர் விட்டேன். கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு மூடி மெல்ல நகர்ந்து, நூல் மாதிரி இரண்டு உணர்கொம்புகள் வெளியே வந்தன.