தலைக்கு ஒரு ஓமர்: லெந்து நாட்களின் குறிப்புகள்

மார்ச் 5, 2025, புதன்

இன்றைக்கு லெந்து ஆரம்பம், உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தின உபவாசக் காலம். காலை ஆராதனைக்குப் போக முடியவில்லை. சிறுநீரகம் பழுதான எனக்குப் புதன்கிழமை டயாலிசிஸ் நாள். இடது கையில் இரண்டு ஊசி, அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கைக் கட்டைவிரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், தூக்கமும் வராது. அதனால் இந்த லெந்து முடியும்வரை எழுதிப் பார்ப்போம் என்று ஓர் எண்ணம்.

நேற்று சபையில் ஒருத்தர், "இந்த லெந்துக்கு என்ன அண்ணாச்சி விடப்போறீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். விடுவதற்கு டாக்டர் எதை மிச்சம் வைத்திருக்கிறார்? உப்பு, ஊறுகாய், கருவாடு எல்லாம் போயிற்று. வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் என்று போயின. காய்கறியை வெட்டி, வெந்நீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்காரி கூட்டு வைக்கிறாள். பதநீர்க் காலம் வேறு வந்துவிட்டது. சாயர்புரத்தில் பிறந்துவிட்டு பதநீரைப் பார்த்துக்கொண்டே போவது தனி உபவாசம்.

குடிப்பதற்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் கிடையாது. சோறு, காப்பி, மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அதற்குள்தான். ஆனால் என் இரத்தத்தைச் சுத்தம் பண்ண இந்த மெஷின் நிமிஷத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஓட்டுகிறது. நாலு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 120 லிட்டர். தலைமாட்டில் அவ்வளவு தண்ணீர் ஓட, நான் நாக்கு வறண்டு படுத்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை. இதில் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் விழுகிறது. டயாலிசிஸ்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்த இடைவெளியைத்தான் சொல்வார்கள். வெளியேற வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்கும். ஞாயிறு ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே விடியவைக்க வேண்டும்.

நேற்று ராத்திரி அப்படி உட்கார்ந்திருந்தபோது யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரம், மன்னா. தலைக்கு ஒரு ஓமர் அளவுதான். அதற்கு மேலே நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தவன் வீட்டில் பூச்சி பிடித்து நாறிற்று. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர், அது நாறவில்லை. வெள்ளிக்கிழமை என்பது ஆறாம் நாள்தானே என்று எனக்குத் தோன்றியது! ஆனால் வெள்ளிக்கிழமை மெஷின் இரட்டைப் பங்கு சுத்தம் பண்ணாது. அதே நாலு மணி நேரம்தான்.

வியாதி வந்த புதிதில் நான் பண்ணின ஜெபம் எல்லாம் மொத்தக் கொள்முதல். "ஆண்டவரே, பிள்ளை காலேஜ் முடிக்கிறவரை, கடைக் கடன் அடைகிறவரை, ஒரு பத்து வருஷம்" என்று. அந்தப் பத்து வருஷத்துக்கான தைரியம் மொத்தமாக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நேற்று ராத்திரி மூன்றாவது தலையணையில் சாய்ந்துகொண்டு நான் கேட்டது, காலை ஐந்தே முக்கால் பஸ் வருகிறவரை. அது கிடைத்தது.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்கு இரண்டு பேர் ஜெபிக்க வந்தார்கள். எங்கள் சபை இல்லை, தெரிந்தவர் ஒருவர் கூட்டி வந்தார். நல்ல மனுஷர்கள்தான். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அப்புறம் ஒருத்தர் கிளம்பும்போது, "பிரதர், அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. விசுவாசம் இருந்தா இந்த மெஷின் எதுக்கு?" என்றார். என் மகள் பக்கத்து அறையில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

அவர்களை அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டு இரண்டாம் தீமோத்தேயு கடைசி அதிகாரத்தை எடுக்கச் சொன்னேன். தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். எபேசுவில் அவருடைய சரீரத்தில் பட்ட கைக்குட்டைகளைக் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டாலே வியாதி நீங்கிற்று என்று அப்போஸ்தலருடைய நடபடிகளில் இருக்கிறது. அந்தப் பவுல் கூட்டாளியைக் குணமாக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொல்கிறார். அவருக்கே மாம்சத்தில் ஒரு முள். மூன்றுதரம் கேட்டும் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இவர்களிடம் எல்லாம் யாரும் போய், உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை.

மகள் கேட்டாள், "அப்போ துரோப்பீமு அப்புறம் சுகமானாரா அப்பா?" அதைப் பவுல் எழுதவில்லை.

மார்ச் 22, சனி

களக்காட்டில் மைத்துனர் வீட்டு உறவில் ஒரு வீட்டுப் பிரதிஷ்டை. வெள்ளி டயாலிசிஸ் முடிந்த மறுநாள் என்பதால் உடம்பு லேசாக இருந்தது, காரில் கூட்டிப் போனார்கள். திரும்பும்போது டோனாவூரில் நிறுத்தச் சொன்னேன்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதை எங்கள் பக்கத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியா வந்தவர். தேவதாசிகளாக விடப்பட இருந்த பெண்பிள்ளைகளை இந்த டோனாவூரில் சேர்த்து வளர்த்தவர். பிரசங்கங்களில் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இப்போது அதற்குப் பிந்தின பாகம்தான் வேண்டியிருக்கிறது. 1931 அக்டோபரில், இதே களக்காட்டில், புதிதாகத் தோண்டியிருந்த ஒரு குழியில் இருட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, இருபது வருஷத்துக்குப் பக்கம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தது. ஓடியாடி வேலை பார்த்த மனுஷி. அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார்.

படுத்துக்கொண்டும் ஊழியம் செய்யலாம் என்பதற்கு இதைச் சாட்சியாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் நான் அவருடைய கல்லறைப் பக்கத்து மரத்தடியில் நின்று யோசித்தது வேறு. முதல் வருஷம் அவர், "அடுத்த மாதம் எழுந்துவிடுவேன்" என்று நினைத்திருப்பாரா? எந்த நாளில் அந்த நினைப்பை விட்டிருப்பார்? வலியில் யார் மேலாவது எரிந்து விழுந்திருப்பாரா? சாட்சி சொல்கிறவர்கள் இந்தச் சாதாரண நாட்களையும் சேர்த்துச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் 'அம்மாய்' என்று எழுதியிருக்கிறது. வெயிலில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது என் புத்தி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 31, திங்கள்

இன்றைக்கு ரம்ஜான். பக்கத்துப் படுக்கைக்காரர் காயல்பட்டினம் பாய். பெருநாளன்றும் டயாலிசிஸ் விடாதே. தொழுகையை முடித்துவிட்டுப் புதுச்சட்டையோடு வந்தார், கை மடிப்பைச் சுருட்டி ஊசிக்கு நீட்டினார்.

இந்த வருஷம் அவர்கள் நோன்பும் எங்கள் லெந்தும் சேர்ந்து வந்தன. நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை என்று அவருக்கும் தெரியும். "தெரியும் அண்ணாச்சி, ஆனா அறுபது வருஷ பழக்கம், விடியலுக்கு முன்னால சாப்பிடுற சஹருக்கு முழிப்பு தானா வந்துடுது" என்றார். நோன்புக் கஞ்சி வாசனைக்கே மனசு போகுமாம். எனக்குப் பதநீர், அவருக்குக் கஞ்சி. இரண்டு பேரும் குடிக்க முடியாததையே பேசிக்கொண்டு நாலு மணி நேரத்தை ஓட்டினோம். டெக்னீஷியன் தம்பி, "உங்க ரெண்டு பேர் பேச்சைக் கேட்டா எனக்குத் தாகம் எடுக்குது" என்று வெளியே போய்விட்டான்.

ஏப்ரல் 4, வெள்ளி

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி முதலில் தன்னுடையதைத் தருகிறேன் என்றாள். அவளுக்குச் சர்க்கரை, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சொந்தத்தில் மற்றவர்களை நான் கேட்கவில்லை. என் மகள் போன மாதம் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே, "அடுத்த வருஷம் எனக்குப் பதினெட்டு ஆயிடும்பா" என்றாள். என்ன சொல்கிறாள் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. அதைப் பற்றி இனி இந்த வீட்டில் பேச்சே வரக் கூடாது என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக மிச்சம் இருப்பது உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியல். மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய குடும்பம் சம்மதித்தால், முறை வந்தால், பொருந்தினால், ஒரு நடுராத்திரியில் போன் வரும். போனைத் தலைமாட்டிலேயே வைத்துத் தூங்குகிறேன். ஜெபக்கூட்டத்தில் எனக்காக, "சீக்கிரமாய் ஒரு கிட்னி கிடைக்க வேண்டும் ஆண்டவரே" என்று உருக்கமாக ஜெபிக்கிறார்கள். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

அந்த ஜெபம் கேட்கப்படுகிற நாளில் யார் வீட்டிலோ சாவு. பெரும்பாலும் பைக் விபத்து, பெரும்பாலும் சின்ன வயசு. உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023இல் அறிவித்த பிறகு, பேப்பரில் அந்தப் படங்கள் வருகின்றன. ஆட்சியர் மாலை வைக்கிறார், பக்கத்தில் ஒரு தாய் நிற்கிறாள். அந்தப் படத்தை நான் வெட்டி வைப்பதும் இல்லை, பக்கத்தைத் திருப்புவதும் இல்லை.

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டேன். உடனே ஒரு வசனம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீங்க கேட்காட்டாலும் அந்த விபத்து நடக்கும் இல்லையா? சம்மதிக்கிறவங்களுக்காக ஜெபிக்கலாமே" என்றார். பாதி சரியாகப் பட்டது. இப்போது ராத்திரி ஜெபத்தில் எனக்குத் தெரியாத அந்தக் குடும்பத்தைச் சொல்கிறேன். அந்தப் பையன் இன்றைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும் என்கிறேன். அப்படிச் சொல்லும்போதே, அவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் எனக்குப் போன் வராது என்றும் தெரிகிறது. இரண்டையும் கர்த்தரிடமே வைத்துவிட்டுப் படுக்கிறேன். அவர் எப்படிச் சரிக்கட்டுகிறார் என்பது அவர் பாடு.

ஏப்ரல் 9, புதன்

கடைசி ஒரு மணி நேரத்தில் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்தது. சலைன் ஏற்றினார்கள். கத்தினேன் என்று பாய் சொன்னார். ஜெபம் ஒன்றும் வரவில்லை, "ஏசுவே" என்பதற்குமேல் வார்த்தை இல்லை. நான் குடித்த கூடுதல் ஒன்றரை கிலோவை எடுத்ததால் வந்தது. பங்குனி வெயிலைத் திட்டிக்கொள்ளலாம், வேறு யாரையும் திட்ட முடியாது.

சூரைச்செடியின் கீழே எலியா தீர்க்கதரிசி போதும் கர்த்தாவே என்று படுத்தபோது தேவதூதன் புத்தி சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எனக்கு வீட்டில் உப்பில்லாத இரண்டு இட்லி. தண்ணீர் அளந்துதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிற மும்மணி நேர ஆராதனையில் ஐந்தாம் வார்த்தையை நான் பேச வேண்டும் என்று ஐயர் போன மாதமே சொல்லியிருந்தார். "தாகமாயிருக்கிறேன்." யோசித்துத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார். காலை ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தேன். பத்தரைக்கு முடிந்தால் ஒரு மணிக்குள் கோயிலுக்குப் போய்விடலாம் என்று கணக்கு. மெஷினில் ஏதோ கோளாறு, ஆரம்பிக்கவே தாமதம். ஐந்தாம் வார்த்தை நேரத்தில் நான் தூத்துக்குடியில் ஊசியோடு கிடந்தேன். எழுதி வைத்திருந்ததை என் வீட்டுக்காரி பீடத்தருகே நின்று வாசித்தாள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். மகள் போனில் பிடித்துக் காட்டினாள், குரல் நடுங்கினாலும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

எழுதியிருந்ததில் முக்கியமான பாகம் இதுதான். இந்த வார்த்தைக்கு நாங்கள் சின்ன வயசிலிருந்து கேட்ட பிரசங்கம் ஆத்தும தாகம் பற்றியது. ஆண்டவர் ஆத்துமாக்களுக்காகத் தாகமாயிருந்தார், நீ என்ன செய்தாய் என்று முடியும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அடிபட்டு, இரத்தம் போய், வெயிலில் தொங்குகிற மனுஷனுக்குத் தொண்டை வறளும். அது முதலில் தண்ணீர்த் தாகம். கானாவூரில் ஆறு கற்சாடித் தண்ணீரைத் திராட்சரசமாக்கினவர் இங்கே ஒரு அற்புதமும் செய்துகொள்ளாமல், யாரோ கடற்காளானில் தோய்த்து நீட்டின காடியை வாங்கிக்கொண்டார். ஞாயிறு ராத்திரிகளில் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இதைச் சொன்ன வாய் ஒன்று உண்டு என்பதே எனக்கு ஆதரவு. அந்தத் தாகத்தை அவசரமாக ஆவிக்குரியதாக்கி என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

பாய் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வீட்ல நல்லா வாசிக்கிறாங்க" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று உயிர்த்தெழுந்த திருநாள். விடியற்காலை ஆராதனைக்கு நாற்காலி போட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். ராத்திரி வழக்கம்போல மூன்று தலையணை. இன்றைக்கு வழக்கம்போல பஸ்.

ஒன்று விசாரித்து வைத்தேன். டயாலிசிஸ் நோயாளி சிறுநீரகம் கொடுக்க முடியாது, கண் கொடுக்கலாம். வாங்குகிற பட்டியலில் மட்டும் பேர் இருப்பது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. படிவத்தில் குடும்பத்தார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டுக்காரி இரண்டு படிவம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். பாய்க்கும் ஒன்று வேண்டுமாம், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். புதன்கிழமை மூன்று படிவமாக வாங்க வேண்டும்.